ஓசூர் எல்லையில் நிற்கும் உறுதிமொழி

பெங்களூருவில் இன்று நடைபெறும் நடுத்தர வர்க்கத் திருமணங்களில் புகைப்படம் திருமணத்துக்கு முந்திக்கொள்கிறது. நிச்சயதார்த்தத்துக்கும் மணநாளுக்கும் இடைப்பட்ட வாரங்களில் இணையர் தாம் முதலில் சந்தித்த தேநீர்க் கடைக்கும், சேர்ந்து படித்த கல்லூரிக்கும், ஒன்றாக வேலைபார்த்த அலுவலக வளாகத்துக்கும் சென்று படமெடுத்துக்கொள்கின்றனர். மணநாளன்று மண்டபத்துத் திரையில் அப்படங்கள் 'எங்கள் கதை' என்ற தலைப்பில் ஓடுகின்றன. மேடையில் நிகழும் சடங்கோ பெரும்பாலும் பழைய முறையிலேயே அமைகிறது. அங்கே பேசுபவர் புரோகிதர். மணமக்கள் அவர் சொன்னதைச் செய்பவர்கள். கதை திரையில் இருக்கிறது. சடங்குக்குள் அது நுழைவதில்லை.

மணமக்களின் சொல்லைச் சடங்குக்குள்ளேயே கொண்டுவரும் முயற்சிக்குத் தென்னிந்தியாவில் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் தமிழ்க் கிளையும் கன்னடக் கிளையும் சந்திக்கக்கூடிய நகரம் பெங்களூரு. அவை சந்திக்கும் இடத்தில் சட்டம் எழுப்பும் சிக்கல் போதிய கவனம் பெறவில்லை.

முதலில் புகைப்படத்தைப் பார்க்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் எண்மப்படுத்திய பழைய தமிழ் ஸ்டூடியோ படங்களில் மணமக்கள் படங்கள் கணிசமாக உள்ளன. திருமணம் முடிந்தபின் எடுக்கப்பட்ட அவ்வகைப் படங்களில் இணையர் நேராகக் கேமராவைப் பார்க்கின்றனர். ஒருவரையொருவர் பார்ப்பது அரிது. நடந்து முடிந்த ஒரு குடும்ப நிகழ்வின் பதிவாகவே அப்படம் கருதப்பட்டது. திருமணத்துக்கு முன்பே காதல் கதையாகப் படமெடுக்கும் வழக்கம் கிழக்காசிய நகரங்களில் முன்னரே வேரூன்றியிருந்தது. தைபே நகரத்து மணப்பெண் புகைப்படத் தொழிலைக் களஆய்வு செய்து பான்னி ஏட்ரியன் எழுதிய நூல் 2003இல் வெளிவந்தது. இந்திய நகரங்களில் இவ்வழக்கம் பரவியது பெரிதும் அதற்குப் பின்னரே. இணையரின் கதையைச் சொல்லும் பொறுப்பு இவ்வாறு புகைப்படக் கலைஞரிடம் வந்து சேர்ந்தது.

சுயமரியாதை இயக்கம் அப்பொறுப்பை மணமக்களிடமே ஒப்படைத்தது. 1928இல் அருப்புக்கோட்டை அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னிலையில் நடந்த திருமணம் முதல் சுயமரியாதைத் திருமணமாகக் குறிப்பிடப்படுகிறது. புரோகிதர் இல்லை, வடமொழி மந்திரம் இல்லை, நல்ல நேரம் பார்ப்பதும் இல்லை. 'வாழ்க்கைத் துணைநல ஒப்பந்தம்' என்று இயக்கத்தார் வழங்கிய பெயரே அதன் உள்ளடக்கத்தைச் சொல்லிவிடுகிறது. கன்னிகாதானத்தில் பெண் ஒருவரால் மற்றொருவருக்குக் கொடுக்கப்படுகிறாள். ஒப்பந்தத்திலோ அவள் ஒரு தரப்பு. தரப்பு என்றால் அவள் வாய்திறந்து பேசியாக வேண்டும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெண்ணின் மண உரிமையையும் சொத்துரிமையையும் தீர்மானங்களாக நிறைவேற்றியதை இதனுடன் சேர்த்தே வாசிக்க வேண்டும். சாதி மறுப்புத் திருமணங்களுக்கும் கைம்பெண் மறுமணங்களுக்கும் இவ்வடிவம் இடமளித்ததால் அந்த மேடையில் பேசப்பட்டது பெரும்பாலும் ஊர் கேட்க விரும்பாத கதையாகவே இருந்தது.

ஊரைப் போலவே நீதிமன்றமும் அக்கதையை ஏற்கவில்லை. 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், உரிய சடங்குகளோ நெடுங்கால வழக்காறோ இல்லாத இத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. வழக்காறு என்று ஒப்புக்கொள்ளப்பட ஒரு முறைக்குப் பழைமை வேண்டும். பழைமையை மறுப்பதற்கென்றே தோன்றிய முறைக்கு அது எங்கிருந்து வரும்? தீர்ப்பின் சுமை மனைவியர் மீதும் பிள்ளைகள் மீதும் விழுந்தது. மனைவி என்ற தகுதியும் பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஐயத்துக்குள்ளாயின.

அண்ணா முதலமைச்சராக இருந்தபோது நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவித்தால் போதும். அல்லது மாலையோ மோதிரமோ அணிவித்தால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும். இப்பிரிவின் உயிர் 'அல்லது' என்னும் சொல்லில் இருக்கிறது. தாலியை வேண்டுவோர்க்கும் மறுப்போர்க்கும் அது ஒருசேர இடமளித்தது. முன்னர் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் அத்திருத்தம் செல்லுபடியாக்கியது.

ஏறத்தாழ இதே காலத்தில் கர்நாடகத்தில் குவெம்பு 'மந்த்ர மாங்கல்ய'த்தை உருவாக்கினார். 1966இல் அவருடைய மகன் பூர்ணசந்திர தேஜஸ்வி, ராஜேஸ்வரியை இம்முறையில் மணந்தார். வரதட்சணை, ஆடம்பரம், புரோகிதர், முகூர்த்தம் ஆகிய அனைத்தும் இங்கும் விலக்கப்பட்டன. மணமக்கள் தம் மொழியில் உறுதிமொழி ஏற்றனர். ஆயினும் ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கது. பெரியாரின் இயக்கம் மந்திரத்தையே விலக்கியது. குவெம்புவோ வேத, உபநிடதப் பகுதிகளிலிருந்து தாம் ஏற்றவற்றைத் தேர்ந்து, கன்னடத்தில் பொருள் விளங்கச் செய்து, புரோகிதரின் கையிலிருந்து மணமக்களின் கைக்கு மாற்றினார். இரு பாதைகளும் சென்று சேர்ந்த இடம் ஒன்றே: திருமணத்தில் உச்சரிக்கப்படும் சொல் மணப்பவர்களுக்குப் புரிய வேண்டும். பிற்காலத்தில் எம்.டி. நஞ்சுண்டசாமியின் தலைமையில் கர்நாடக மாநில விவசாயிகள் சங்கம் எளிய திருமணங்களை ஊக்குவித்தபோது இம்முறை ஊர்ப்புறங்களையும் எட்டியது.

எனினும் 7-ஏ பிரிவுக்கு நிகரான ஏற்பாடு கர்நாடகத்தில் உருவாகவில்லை. தமிழ்நாட்டுத் திருத்தம் தமிழ்நாட்டுக்கும், பின்னர் அது நீட்டிக்கப்பட்ட புதுச்சேரிக்கும் மட்டுமே உரியது. பெங்களூருவிலிருந்து ஓசூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அத்திப்பள்ளி சோதனைச்சாவடியைக் கடந்து ஓசூரில் மாலை மாற்றிச் சொல்லும் அதே உறுதிமொழி ஓர் இந்துத் திருமணத்தை முழுமையாக்குகிறது. அல்சூரில் சொன்னால் அந்தத் தெளிவு இல்லை. பெங்களூருவில் பிறந்து வளர்ந்த தமிழ் இணையர் தம் தாத்தா பாட்டி மணந்துகொண்ட முறையிலேயே மணக்க விரும்பினாலும், சட்டப் பாதுகாப்புக்கு 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தையே நாட வேண்டியிருக்கிறது.

அச்சட்டம் ஒரு வகையில் தாராளமானது. இணையர் விரும்பும் எந்த வடிவிலும் திருமணத்தை நடத்த அது இசைகிறது. திருமண அலுவலர் முன்பும் மூன்று சாட்சிகள் முன்பும் ஒருவரையொருவர் ஏற்பதாக இருவரும் வாய்விட்டுச் சொன்னால்தான் திருமணம் முழுமை பெறும் என்கிறது. துணைநல ஒப்பந்தத்தின் சாரம் இதுவே. ஆனால் அதற்குமுன் 30 நாள் அறிவிப்பு வேண்டும். பெயரும் முகவரியும் கொண்ட அவ்வறிவிப்பை அலுவலகத்தில் யாரும் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். சாதியையோ மதத்தையோ மீறி மணக்கும் இணையருக்கு அந்த 30 நாள் காத்திருப்பு அச்சத்தின் காலமாகிவிடுகிறது.

2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வச்சத்தைக் கணக்கில் எடுத்தது. 7-ஏ பிரிவின்கீழ் நடக்கும் திருமணத்துக்கு ஊரறிந்த விழாவோ பொது அறிவிப்போ கட்டாயமில்லை. குடும்பத்தின் எதிர்ப்புக்கு அஞ்சும் இணையரிடம் அதைக் கேட்பது அவர்கள் உயிருக்கே ஊறாகலாம் என்று அது கருதியது. 2024 ஏப்ரலில் டாலி ராணி வழக்கில் அதே நீதிமன்றம், திருமணம் ஆட்டபாட்டத்துக்கும் விருந்துக்குமான நிகழ்ச்சி அன்று என்று கண்டித்ததோடு, உரிய சடங்கு நடவாத இந்துத் திருமணத்தைப் பதிவுச் சான்றிதழ் உண்டாக்கிவிடாது என்றும் தெளிவுபடுத்தியது. இரு தீர்ப்புகளையும் பெங்களூருவிலிருந்து சேர்த்து வாசித்தால் சிக்கலின் வடிவம் புலப்படும். சடங்கு தேவை, ஆனால் எது சடங்கு என்பதை இணையர் நிற்கும் மாநிலம் முடிவுசெய்கிறது.

இப்பின்னணியில் புகைப்படத்தின் மற்றொரு வாழ்வையும் காண வேண்டும். ஜீவனாம்ச வழக்குகளிலும் வாரிசுரிமை வழக்குகளிலும் மாலை மாற்றும் படம் சான்றாவணமாகிறது. கைவிடப்பட்ட பெண்ணின் தரப்பில் சில நேரங்களில் எஞ்சுவது அந்த ஒரு படமே. மண்டபத் திரையில் ஓடும் படத்தொகுப்பு ஏற்கெனவே பாதுகாப்பானவர்களின் மகிழ்ச்சியைக் காட்டுகிறது. சாட்சிகள் நால்வரோடு அவசரமாக எடுக்கப்பட்ட மங்கலான படமோ, தாம் மணந்துகொண்டோம் என்பதை மெய்ப்பிக்க வேண்டிய நிலையில் உள்ளவர்களின் கதையைச் சுமக்கிறது.

தம் கதை தம் திருமணத்தில் இருக்க வேண்டும் என்ற இன்றைய இளையோரின் விருப்பத்தை வெறும் நுகர்வு மோகமென ஒதுக்குவது எளிது. அவ்விருப்பம் சுக்கிலநத்தத்தில் வெளிப்பட்டதும் அதுவேதான். அன்று அது யார் பேசுவது, எந்த மொழியில், யாருக்குச் சமமாக என்ற கேள்விகளாக விரிந்தது. இன்று உடை, ஒளி, பின்னணி ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. இணையர் தாமே எழுதிய நான்கு வரி உறுதிமொழியை மேடையில் வாசிக்கப் புகைப்படக் கலைஞரும் தேவையில்லை, கூடுதல் செலவும் இல்லை. அந்த நான்கு வரி ஓசூரில் பெறும் மதிப்பைப் பெங்களூருவிலும் பெற வேண்டுமானால், 1967இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் செய்ததைக் கர்நாடகச் சட்டமன்றமும் செய்தாக வேண்டும். குவெம்புவின் மண்ணில் அப்படியொரு சட்டத்துக்கு முன்வடிவைப் புதிதாகத் தேட வேண்டிய தேவை இராது.