சென்னை வட்டாரக் கலைக் காட்சிகளும் பயிலரங்குகளும்

சென்னை மாநகரிலும் அதற்குத் தெற்கே முட்டுக்காடு வரையுள்ள கடலோர ஊர்களிலும் நடைபெறும் ஓவிய, சிற்ப, ஒளிப்படக் கண்காட்சிகள், கைவினைப் பயிலரங்குகள், தெருவிழாக்கள் ஆகியவை பற்றியது இக்கட்டுரை. இவற்றின் தொடர்ச்சியான வரலாறு 1850-இல் தொடங்கிய கலைப்பள்ளியிலிருந்து கிடைக்கிறது. செய்கிற பட்டறையும் காட்டுகிற கூடமும் ஒரே வளாகத்தில் இருந்ததே சென்னையின் தனித்தன்மை. பம்பாயில் ரசிகர் சங்கங்களும் வணிகக் கூடங்களும் முன்நின்று காட்சிகளை நடத்தின. சென்னையில் அந்தப் பாரத்தைக் கலைஞர்களே தோளில் சுமந்தார்கள். தென்னிந்திய நவீன ஓவியத்தின் தோற்றுவாயும் இந்தப் பட்டறை மரபே.

முன்நிலை

கலைப்பள்ளிக்கு முன் நகரில் காட்சி இல்லாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி கோயில்களின் தேர், வாகனப் புறப்பாடுகளில் மரச்சிற்பமும் துணிவேலையும் ஊர் முழுவதற்கும் காட்டப்பட்டன. நவராத்திரியில் வீட்டுக்கு வீடு கொலு வைக்கப்பட்டது. கொலு பொம்மையும் பிள்ளையார் உருவமும் செய்யும் குயவர்கள் கொசப்பேட்டையில் இன்றும் தொழில் நடத்துகிறார்கள். ஆனால் செய்தவர் பெயரைச் சொல்லி, தரம் பார்த்து, பரிசளிக்கும் காட்சி கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக் காலத்தில்தான் வந்தது.

ஹன்டரின் பள்ளி

அலெக்சாண்டர் ஹன்டர் சென்னைப் படையின் மருத்துவர். ஓவியத்திலும் மண்பாண்டத் தொழிலிலும் தீராத ஈடுபாடு கொண்டவர். 1850-இல் கருப்பர் நகரத்து பிராட்வேயில் தம் சொந்த முயற்சியில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு தொழிற்பள்ளி ஒன்றும் அதனுடன் சேர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் அரசு இரண்டையும் ஏற்றுக்கொண்டது. பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் இப்போதுள்ள அரசு கவின் கலைக் கல்லூரி இதன் நேர்வழித் தொடர்ச்சி. இந்தியாவில் ஆங்கிலேயர் காலத்தில் தோன்றிய கலைப்பள்ளிகளில் இதுவே மூத்தது. கல்கத்தா, பம்பாய்ப் பள்ளிகள் இதற்குப் பின் வந்தவை.

ஹன்டரின் பாடத்திட்டத்தில் கோட்டோவியமும் சுடுமண் வேலையும் அருகருகே இருந்தன. மாகாணத்தின் பல பகுதிகளிலிருந்து களிமண் தருவித்து, எது செங்கல்லுக்கு ஆகும், எது ஓட்டுக்கு ஆகும், எது மெருகேற்றிய கலத்துக்கு ஆகும் என்று சூளையில் இட்டுச் சோதித்தார். மாணவர்கள் மரச்செதுக்கு அச்சுக் கட்டைகள் செய்து புத்தகங்களுக்குப் படம் தந்தார்கள். சென்னை மாகாண வனத்துறையை அமைத்த ஹியூ கிளெகார்ன் தம் தாவரப் படங்களுக்கு இப்பள்ளி மாணவர்களை அமர்த்திக்கொண்டார். கலை, அறிவியல், தொழில் மூன்றையும் பேசும் ஒரு பத்திரிகையையும் ஹன்டர் நடத்தினார். சென்னை ஒளிப்படச் சங்கம் அமைந்ததிலும் முன்நின்றார். இப்பள்ளி கைவேலைக்காரர்களை உருவாக்கவே நோக்கம் கொண்டது, கலைஞர்களை அல்ல என்று குறைகூறுவோர் உண்டு. ஆனால் சூளைக்கு முன்னால் நின்று கற்ற மாணவனுக்குக் கைவேலை வேறு, கலை வேறு என்ற பிரிவினை தெரிந்திருக்க நியாயமில்லை. பிற்காலத்தில் சென்னை ஓவியர்கள் உலோகத் தகட்டையும் பாட்டிக் துணியையும் கூச்சமின்றிக் கையில் எடுத்ததற்கு விதை இங்கேதான் விழுந்தது.

1855, 1857 கண்காட்சிகள்

1851-இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சியின் தாக்கம் நான்கே ஆண்டுகளில் சென்னையை எட்டியது. 1855-இல் தென்னிந்திய மூலப்பொருள், கலை, உற்பத்திப் பொருள்களின் கண்காட்சி சென்னையில் கூடியது. மாவட்டங்களிலிருந்து நெசவு, பாய், உலோகக் கலம், தந்த வேலை, மரவேலை, சாயப் பொருள்கள் வந்து குவிந்தன. பொருள்கள் வகை வகையாகப் பிரிக்கப்பட்டன; ஒவ்வொரு வகைக்கும் நடுவர் குழு அமர்ந்தது; அவர்களுடைய அறிக்கைகள் அச்சாயின. அந்த அறிக்கைகள் இன்று கைவினை வரலாற்றுக்குக் கிடைத்த செல்வம்.

இக்கண்காட்சியில் ஒளிப்படமும் இடம்பெற்றது. படை அதிகாரி லின்னேயஸ் டிரைப் மைசூர்ப் பகுதிக் கோயில்களை எடுத்த 68 படங்களை வைத்து முதல் தரப் பதக்கம் பெற்றார். ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டு அப்போது பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். பின்னர் மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்ந்த டிரைப், தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரையையும் படமெடுத்தார். 1857-இல் இரண்டாம் கண்காட்சி நடந்தது. 1851-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகமும் இக்காலத்தில் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு இடம் மாறியிருந்தது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபோரும் ஹன்டரைப் போல் மருத்துவரே. நகரின் முதல் காட்சி மரபை இரண்டு மருத்துவர்கள் தூக்கி நிறுத்தினார்கள் என்றால் மிகையாகாது.

ரவிவர்மா முதல் விக்டோரியா மண்டபம் வரை

1873-இல் சென்னையில் நடந்த நுண்கலைக் கண்காட்சியில் கிளிமானூர் ரவிவர்மாவுக்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் பெண்ணின் படம் அது. அப்போது அவருக்கு வயது 25. அதே படம் வியன்னாக் கண்காட்சியிலும் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டும் சென்னையில் பதக்கம் அவருக்கே. திருவிதாங்கூர் அரண்மனைக்கு வெளியே அவர் பெயரைப் பரப்பியது சென்னை. அவரை ஏற்பதா மறுப்பதா என்று பின்வந்த ஓவியர்கள் வாதிட்டபோதும், அந்த வாதத்துக்கு முதல் மேடை போட்டது இந்நகரமே.

கலைப்பள்ளியின் தலைமை 1877-இல் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோமிடமும், 1884-இல் ஈ. பி. ஹாவெலிடமும் வந்தது. ஹாவெல் மாகாணக் கைத்தொழில்களை ஊர் ஊராகச் சென்று பார்த்தவர். இந்தியக் கலையை மேலை அளவுகோலால் அளக்கக் கூடாது என்று பின்னாளில் கல்கத்தாவில் அவர் எழுப்பிய குரல் சென்னையில் கண்டவற்றால் முதிர்ந்தது. 1898-இல் ஆல்பிரட் சாட்டர்டன் இப்பள்ளிப் பட்டறையில் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். நாட்டின் அலுமினியப் பாத்திரத் தொழிலே அந்தப் பட்டறையில் பிறந்தது.

விக்டோரியா அரசியின் 1887-ஆம் ஆண்டுப் பொன்விழாவின் நினைவாக விக்டோரியா தொழில்நுட்ப நிலையம் அமைந்தது. அண்ணா சாலையில் அதன் கைவினை விற்பனைக் கூடம் இன்றும் இயங்குகிறது. இந்த நிலையத்துக்காக ஹென்றி இர்வின் வடிவமைத்த செந்நிற மணற்கல் மண்டபத்துக்கு 1906-இல் அடிக்கல் இடப்பட்டது; 1909-இல் திறப்பு நடந்தது. 1951-இல் அது தேசியக் கலைக்கூடமாயிற்று.

சௌத்ரியும் பணிக்கரும்

1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பள்ளியின் முதல் இந்தியத் தலைவரானார். 1957 வரை பொறுப்பில் இருந்தார். மெரினாவில் 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை இவருடையது. பள்ளியின் காவலாளியும் அதற்கு மாதிரியாக நின்றார். வண்ண ஓவியம், சிற்பம் இரண்டிலும் மாணவர்களுக்கு உடற்கூறின் உறுதியைக் கற்பித்தவர் சௌத்ரி. ஆனால் சென்னையின் கலை தனக்கென ஒரு மொழியைக் கண்டுகொண்டது அவருக்குப் பின் தலைமையேற்ற கே. சி. எஸ். பணிக்கரின் காலத்தில்தான்.

தந்தித் துறையிலும் காப்பீட்டிலும் வேலைபார்த்துவிட்டு இருபத்தைந்து வயதில் ஓவிய மாணவரானவர் பணிக்கர். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்து, ஆண்டுக் காட்சிகளை நடத்தி, சென்னை ஓவியங்களை வெளிநகரங்களுக்கும் கொண்டுபோனார். ஐரோப்பாவை நேரில் பார்த்த பிறகு, அங்கிருந்து கடன் வாங்கிய நவீனம் போதாது என்ற முடிவுக்கு வந்தார். 1963 முதல் அவர் வரைந்த சொல்லும் குறியும் வரிசையில் எழுத்து, எண், சாதகக் கட்டம், யந்திரம் எல்லாம் ஓவியத் தளமாயின. சிற்பத்தில் எஸ். தனபாலும், கோட்டில் எல். முனுசாமியும் ஏ. பி. சந்தானராஜும் கே. எம். ஆதிமூலமும், உலோகத் தகட்டில் பி. வி. ஜானகிராமும் இம்மொழியை வளர்த்தார்கள். கோடே இவர்களுக்கு உயிர். இதனைச் சென்னைக் கலை இயக்கம் என்கிறோம்.

இவ்வியக்கத்துக்குச் சிற்றிதழ்கள் துணைநின்றன. ‘நடை’, ‘கசடதபற’ முதலிய இதழ்களின் அட்டைகளிலும் பக்கங்களிலும் ஓவியர்கள் வரைந்தார்கள். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் வந்தபோது ஆதிமூலத்தின் கோடுகள் அதனுடன் சேர்ந்தே வாசகர் மனதில் பதிந்தன. காட்சிக்கூடத்தின் வாசலை மிதிக்காத பல்லாயிரம் பேர் நவீன ஓவியத்தை முதன்முதலில் பார்த்தது பத்திரிகைத் தாளில்தான்.

சோழமண்டல்

படிப்பு முடித்த மாணவர்கள் பிழைப்புக்காக ஓவியத்தைக் கைவிடுவதைப் பணிக்கரால் பொறுக்க முடியவில்லை. 1960-களின் தொடக்கத்தில் ஓவியர் கைவினைச் சங்கம் ஒன்று உருவானது. மாலையில் பாட்டிக் துணி, தோல், மரம், உலோகம் எனக் கைவினைப் பொருள் செய்து விற்பது, பகலில் தமக்கான ஓவியத்தை வரைவது என்று ஏற்பாடு. அந்த வருமானத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் மணல் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டல் ஓவியர் கிராமத்தை நிறுவினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை வராத காலம் அது. சவுக்குத் தோப்பும் கீற்றுக் குடிசையுமாக வாழ்க்கை தொடங்கியது. எவருடைய நன்கொடையையும் நம்பாமல், கைவேலையால் நிலம் வாங்கிய ஓவியர் கூட்டம் நாட்டில் அரிது.

கே. ராமானுஜம், ஜே. சுல்தான் அலி, எஸ். ஜி. வாசுதேவ், விசுவநாதன், ஹரிதாசன், எஸ். நந்தகோபால் முதலியோர் இங்கே வேலைசெய்தார்கள். கனவு நகரங்களையும் பறக்கும் உருவங்களையும் வரைந்த ராமானுஜம் 1973-இல் இளவயதிலேயே மறைந்தார். அவ்வளவு குறுகிய காலத்தில் அவர் விட்டுச்சென்றவை இயக்கத்தின் உச்சங்களுள் சில. திறந்தவெளி அரங்கில் கவிதை வாசிப்பும் நாடகமும் நடனமும் நடந்தன. வெளிநாட்டுச் சிற்பிகள் வந்து தங்கிக் கல் செதுக்கினார்கள். பணிக்கர் 1977-இல் காலமானார். சென்னைக் கலை இயக்கத்துக்கான அருங்காட்சியகம் 2009-இல் இவ்வளாகத்தில் திறக்கப்பட்டது.

வகைகள்

சென்னைக் காட்சிகளை இடத்தைக் கொண்டு பிரிப்பதே பொருத்தம். முதலாவது கல்லூரி வளாகக் காட்சி. மாணவர், ஆசிரியர் படைப்புகள் இதில் இடம்பெறும், விற்பனை முதன்மையன்று. இரண்டாவது அரசு சார்ந்தது. கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்தில் காட்சிக்கூடமும், ஓவியம், சிற்பம், அச்சோவியம், சுடுமண் ஆகியவற்றுக்கான பொதுப் பட்டறைகளும் உள்ளன. சொந்தச் சூளையோ அச்சு எந்திரமோ வாங்க இயலாத இளைஞருக்கு இது பெரும் கொடை. தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழுவும் காட்சிகள் நடத்துகிறது. மூன்றாவது அயல்நாட்டுப் பண்பாட்டு நிலையங்கள்: அலியான்ஸ் பிரான்சேஸ், மாக்ஸ் முல்லர் பவன் போன்றவை. தனியார் கூடங்கள் குறைவாக இருந்த காலத்தில் இளம் ஓவியரின் முதல் தனிக்காட்சிக்கு இவையே இடம் கொடுத்தன. நான்காவது தனியார் காட்சிக்கூடம். ஐந்தாவது ஓவியர் முகாம். பத்து இருபது பேர் சில நாள் ஒரே இடத்தில் தங்கி வரைந்து, முடிவில் அங்கேயே பார்வைக்கு வைப்பார்கள். பட்டறையும் கூடமும் ஒன்றாகும் பழைய மரபு இதில் நன்கு தெரிகிறது.

கைவினைப் பயிலரங்குகளுக்கு முட்டுக்காட்டின் தட்சிணசித்ரா தலைமையிடம். 1984-இல் தொடங்கிய சென்னைக் கைவினை அறக்கட்டளை 1996-இல் இதைத் திறந்தது. தென்மாநிலங்களின் பழைய வீடுகள் பிரித்தெடுக்கப்பட்டு இங்கே மீண்டும் கட்டப்பட்டுள்ளன. குயவரிடம் சக்கரத்தில் மண் வனையவும், ஓலை முடையவும் பள்ளிப் பிள்ளைகள் கற்கிறார்கள். திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் கலம்காரி, நெசவுப் பிரிவுகள் உள்ளன.

தற்கால நிலை

2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் நாட்டுப்புறக் கலைகளைக் கொண்டுவந்தது. இடையில் நின்று, 2023 பொங்கலில் மீண்டும் அரசு விழாவாக நடந்தது. ஊரூர் ஆல்காட் குப்பம் விழா 2015-இல் தொடங்கியது. ஒளிப்பட ஈராண்டுக் காட்சி 2016-இல் தொடங்கியது. மயிலாப்பூர் மாட வீதியில் சனவரிதோறும் கோலப் போட்டி நடக்கிறது. 2020-இல் கண்ணகி நகர்க் குடியிருப்புச் சுவர்களில் மாநகராட்சியின் ஒத்துழைப்புடன் பெரும் சுவரோவியங்கள் தீட்டப்பட்டன. ஓவியக் காட்சிகள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கூடுதலாக நடைபெறும்.