மூடித் திறந்த தொட்டி

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆனால், அரசுகள் பலவும் வெள்ளம் வடிந்த பின்னரே அணைக்குப் பணம் தேடுகின்றன. இதற்கு அமெரிக்க நாட்டிலுள்ள ஒரு தொட்டியின் வரலாறே தக்க சான்றாகும்.

1967ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், 'டோரி கேன்யன்' என்னும் கப்பல் ஏறத்தாழ 1,20,000 டன் எண்ணெயுடன் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையருகே பாறையில் மோதியது. எண்ணெயை அள்ளத் தக்க கருவிகள் அன்று இல்லை. விமானங்கள் குண்டு வீசி அதனை எரிக்க முயன்றன. எண்ணெயைக் கரைக்கக் கொட்டிய மருந்துகளோ, கரையோர உயிர்களுக்கு எண்ணெயினும் மிகுந்த கேடு செய்தன.

கருவிகளை முன்கூட்டியே சோதித்தறிய வேண்டும் என்னும் எண்ணம் இத்தகைய விபத்துக்களால் வலுப்பெற்றது. 1974இல் அமெரிக்க அரசு நியூ ஜெர்சி மாநிலத்தில் 'ஓம்செட்' என்னும் தொட்டியை அமைத்தது. அதன் நீளம் ஏறத்தாழ 200 மீட்டர். அதில் உப்புநீரை நிரப்பி, பொறியால் அலையெழுப்பி, எண்ணெயை ஊற்றுவர். மிதவை வேலிகளையும் வழித்தெடுக்கும் பொறிகளையும் அதில் இழுத்துச் சென்று, எவ்வளவு எண்ணெய் சிக்குகிறது என்று அளப்பர்.

ஆண்டுகள் சென்றன, அச்சமும் தணிந்தது. 1980களின் பிற்பகுதியில் தொட்டி மூடப்பட்டது. அதன்பின் 1989 மார்ச்சு 24ஆம் நாள், 'எக்சான் வால்டீஸ்' கப்பல் அலாஸ்காவில் தரைதட்டி, ஏறத்தாழ 4 கோடி லிட்டர் எண்ணெயைக் கடலில் சிந்தியது. நாடே கொதித்தெழுந்தது. 1990இல் புதிய சட்டம் பிறந்தது. பீப்பாய் ஒன்றுக்கு 5 சென்ட் வரியால் திரண்ட நிதி, துப்புரவுக்கும் ஆராய்ச்சிக்கும் வழிவகுத்தது. 1992இல் தொட்டி மீண்டும் திறக்கப்பட்டது.

எனினும், 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறொன்று வெடித்துப் பதினொருவர் மாண்டபோது, சிந்திய எண்ணெயில் வழித்தெடுக்க முடிந்தது நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்கே என்று அரசின் கணக்கே கூறிற்று.

மாணவ நண்பர்களே, அறிவியல் ஒரு நாளில் விளையும் பயிரன்று. விபத்து நேர்ந்த ஆண்டில் நீர் பாய்ச்சி, அடுத்த ஆண்டில் மறந்துவிட்டால் அது வாடிப்போகும். கடல் அமைதியாயிருக்கும் நாளில் ஒதுக்கும் பணமே, அது கலங்கும் நாளில் கருவியாய்க் கைகொடுக்கும்.