செம்மண் பூமியில் சக்கரங்களின் சரித்திரம்

ஒரு நாட்டில் எத்தகைய சக்கரம் ஓட வேண்டும் என்பதை முதலில் தீர்மானிப்பது அந்நாட்டின் மண். காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டுப் பூமியில் கோடை முழுவதும் செம்புறாங்கல்லும் சரளையும் அரம் போலக் கூர்மையாகக் கிடக்கின்றன; ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துவிட்டால், கண்மாய்க் கரையின் களிமண் வண்டியை அச்சுவரை இழுத்துக்கொள்கிறது; தெற்கே மானாமதுரைப் பக்கம் சென்றாலோ வைகையின் வறண்ட மணல் எதிர்ப்படுகிறது. நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை செல்லும் ஜீப் வகை வண்டியை வாங்கியவர்கள், அதற்கு ‘ஆல் டெரெய்ன்’ என்னும் பலநிலத்து டயர் போடலாமா, தார் ரஸ்தாவுக்குரிய சாதாரண டயரே போதுமா என்று இன்று டயர்க் கடைகளில் நின்று ஆலோசிக்கிறார்களே, அந்தப் பிரச்னை இவ்வாறு நெடுங்காலமாகவே செட்டிநாட்டில் இருந்துவருவது. காலத்துக்கேற்ப அதற்குக் கிடைத்த விடைகள்தாம் மாறியிருக்கின்றன.

முதல் விடை மாட்டுவண்டிச் சக்கரம். நடுவிலுள்ள குடத்தில் ஆரக்கால்களைச் செருகி, அவற்றின்மேல் வட்டைகளைப் பொருத்தித் தச்சர் முடித்துக் கொடுத்த சக்கரத்துக்கு, அதன் சுற்றளவைவிடச் சற்றே குறைவாக இரும்புப் பட்டாவைக் கொல்லர் வளைத்து வைப்பார். வறட்டிகளை வட்டமாக அடுக்கி மூட்டிய நெருப்பில் அது சிவக்கக் காய்ந்ததும், நாலைந்து பேர் இடுக்கிகளால் தூக்கி மரத்தின்மேல் இறக்குவர். மரம் புகைந்து கருகத் தொடங்கும் அந்தக் கணத்தில் குடங்குடமாகத் தண்ணீரை ஊற்றவே, இரும்பு சுருங்கி, ஆரும் வட்டையும் குடமும் நெறுநெறுவென்று இறுகி ஒரே உடலாகிவிடும். 1930-ஐ ஒட்டி ரயில்பாதை வந்து சேரும்வரை, செட்டிநாட்டு வணிகரான நகரத்தார் வீடுகளின் தூண்களாக நிமிர்ந்த பர்மாத் தேக்கு, துறைமுகங்களிலிருந்து இத்தகைய பட்டாக்களின்மேல்தான் பிரயாணம் செய்தது. சரளைக் கல்லை அந்த இரும்பு லட்சியம் செய்யவில்லை. ஆனால் அகலம் குறைந்த பட்டா ஈர மண்ணைக் கத்தியாய் அறுத்து உள்ளே இறங்கியது. பட்டாவை அகலமாக்கினால் பாரம் ஏறி மாடுகள் தவித்தன. கல்லுக்கு உகந்தது சேற்றுக்கு ஆகவில்லை என்ற இந்த முரண்பாடு, ரப்பர் வந்த பின்னும் தீராமல் இன்றைய டயர்க் கடைவரை தொடர்ந்து வந்திருக்கிறது.

ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் நிலைபெறும் என்று அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டார். அயர்லாந்தின் பெல்பாஸ்டில் வாழ்ந்த கால்நடை வைத்தியர் ஜான் பாய்ட் டன்லப் 1888-இல் காற்றடைத்த டயரைச் செய்தார். பிரேஸிலிலிருந்து 1876-இல் ஹென்றி விக்ஹாம் கொண்டுவந்த விதைகளின் சந்ததி மறு வருஷமே சிங்கப்பூர் மண்ணில் ஊன்றப்பட்டுக் காலக்கிரமத்தில் மலாய் நாடெங்கும் பரவிற்று. அந்நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கிட்டங்கி என்னும் வியாபாரக் கூடம் வைத்துக் கொண்டுவிற்று வந்த செட்டிநாட்டார், ரப்பர் பயிரிட்டவர்களுக்குக் கடன் கொடுத்தனர். 1930-க்குப் பிந்திய மந்தத்தில் ரப்பர் விலை சரிந்து கடன் திரும்பாமற்போகவே, அடமானத் தோட்டங்கள் பல அவர்கள் கைக்கே வந்து சேர்ந்தன. சொந்த ஊர்ப் பாதையில் இரும்புப் பட்டா ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில், கடலுக்கப்பால் உலகத்தின் டயர்களுக்கெல்லாம் பாலூட்டிய மரங்களில் செட்டிநாட்டு முதலும் கலந்திருந்தது என்பது நினைவில் நிறுத்தத் தக்கது.

ரப்பர்ச் சக்கரம் நமது ரஸ்தாக்களில் தடையின்றி உலவத் தொடங்கிவிடவில்லை. 1912-இல் பஸ் போக்குவரத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார், மாட்டு லாடங்களிலிருந்து உதிர்ந்து டயர்களைக் குத்திய ஆணிகளைக் காந்தத்தைக் கொண்டு அகற்ற ஏற்பாடு செய்தார் என்று மோட்டார்த் தொழிலில் இருப்போர் இன்றும் சொல்வதுண்டு. இரண்டாம் உலக யுத்தத்தினிடையே 1942-இல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமானபோது ரப்பர் அருமையாகிவிட்டது. தேய்ந்த டயருக்குப் புது முகம் ஒட்டி மறுபடி ஓடவைக்கும் ரீட்ரெடிங் தொழில் சிறப்படைந்தது. யுத்தத்துக்குப் பிந்திய காலத்தில் காற்றடைத்த டயர் பூட்டிய மாட்டுவண்டியான ‘டயர் வண்டி’ கிராமங்களில் பெருகிற்று. இரும்புப் பட்டா தரையில் ஒரு கோடாக அழுந்துவது. காற்றடைத்த ரப்பரோ அடியில் தட்டையாகிப் பாரத்தைப் பரப்பிவிடுவது. ஆகையால் அதே ஜோடி மாடுகள் கூடுதல் மூட்டைகளை இழுத்தன, பாதையும் அறுபடாமல் பிழைத்தது.

1941-இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான வில்லிஸ் ஜீப், நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி மஹிந்திரா நிறுவனத்தாரால் பம்பாயில் பூட்டப்படலாயிற்று. அந்த ராணுவ ஜீப்பின் டயரில் பட்டைகள் இரு புறமும் ஒரே சீராக வெட்டப்பட்டிருந்தமையால், முன்னே சென்றாலும் பின்னே வந்தாலும் பிடிப்பு ஒன்றே. சேற்றில் அது உழைத்தது, தார் ரஸ்தாவில் இரைந்தது. மிஷெலின் கம்பெனியார் 1946-இல் உரிமை பெற்ற, டயரின் உள்ளிழைகள் நேர்குறுக்காக ஓடும் ரேடியல் அமைப்பையும் இத்தகைய முரட்டுப் பட்டைகளையும் ஒன்றுசேர்த்து, இரண்டு நிலத்துக்கும் இசையுமாறு பி.எப். குட்ரிச் கம்பெனியார் 1976-இல் வெளியிட்ட டயரிலிருந்துதான் இன்றைய ஆல் டெரெய்ன் வகை பிரபலமாயிற்று.

இந்த வகை டயரின் பட்டைகள், ரஸ்தா டயரைவிடப் பெரியன. சேற்று டயரைவிட நெருக்கமானவை. இடைவெளியில் சரளை பிடிப்புக் கொள்கிறது, சேறு ஓரளவு தானே உதிர்கிறது. இதற்கு விலையும் உண்டு: இரைச்சல் கூடும், எரிபொருள் சற்று அதிகம் செலவாகும், மழையில் நனைந்த தாரின்மேல் நிற்கும் திறன் நல்ல ரஸ்தா டயரைவிடக் குறையக்கூடும். மஹிந்திரா தார் வண்டியில் காணும் 255/65 ஆர் 18 என்ற அளவில், 255 என்பது மில்லிமீட்டரில் அகலம். பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 65 பங்கு. 18 என்பது ரிம்மின் அங்குல விட்டம். சரளையும் மணலும் மிகுந்த வழியில் கவனிக்க வேண்டியது அந்த நடு எண். உயர்ந்த பக்கச் சுவர்தான் கல்லின் அடியைத் தாங்கும், மணலில் காற்றைக் குறைக்கும்போது தரையில் நீளமாகப் படியவும் இடந்தரும். மீண்டும் தார் ரஸ்தாவில் ஏறியதும் காற்றை நிரப்பாமல் ஓட்டுவது ஆபத்து.

லாட ஆணிகள் மறைந்த இடத்தில் இன்று சீமைக் கருவேல முள் நிற்கிறது. தோப்புக்கும் கண்மாய்க் கரைக்கும் தினந்தோறும் போகிறவர்களுக்கு, கனத்த பட்டையும் உறுதியான பக்கச் சுவரும் கொண்ட பலநிலத்து டயர் நிச்சயமாகத் தகும். காரைக்குடியிலிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் தார் ரஸ்தாவிலேயே போய்வந்து, வருஷத்தில் சில நாள் மட்டும் மண்ணில் இறங்குபவர்களுக்கு ரஸ்தா டயரே உத்தமமென்பது என் திடமான அபிப்பிராயம். தோற்றத்தின் கம்பீரத்துக்காக மழைநாளின் பாதுகாப்பைக் குறைத்துக்கொள்வது விவேகமாகாது. கம்பெனியார் அச்சிடும் அட்டவணை உலகத்து மண் வகைகளைப் பொதுவாக அறியும். எந்தக் கரை எந்த மாதத்தில் பாரம் தாங்கும், எந்த வண்டிப்பாதையில் எவ்வளவு ஆழத்தில் களி கிடக்கிறது என்பதை, அவ்வழியில் பட்டா வண்டியும் டயர் வண்டியும் ஓட்டிய முதியவர்களே அறிவர். அவர்களிடம் கேட்டறிந்து சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பதும், அந்த அறிவை அவர்கள் காலத்திலேயே எழுதிவைப்பதும் செட்டிநாட்டவர் செய்தாக வேண்டிய காரியங்கள்.