பழைய நிலப்படம் கூறும் வரலாறு



வரலாறு என்றதும் அரசர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஓர் ஊரின் அருகே ஓடை ஓடிற்று, அதன் கரையில் மாடு மேய்ந்தது என்பதும் வரலாறே. அதனை அறியப் பழைய நிலப்படம் நல்ல துணையாகும்.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பரங்கிமலைக்கு அருகே லாம்டன் என்னும் படை அதிகாரி எஃகுச் சங்கிலியால் தரையை அளக்கத் தொடங்கினார். அப்பணியே பின்னர் இந்தியா முழுவதும் பரவிய முக்கோண அளவைக்கு வித்தாயிற்று. அதன் அடிப்படையில் ஒரு மைலை ஓர் அங்குலத்தில் அடக்கிய படங்கள் உருவாயின. அவற்றில் நீருக்கு நீலம், மரங்களுக்குப் பச்சை, பயிர் நிலத்துக்கு மஞ்சள். பயிரிடாத நிலத்துக்கு வண்ணமே இல்லை.

வெவ்வேறு காலத்துப் படங்களை ஒப்பிட்டால் நிலத்தின் மாறுதல் விளங்கும். சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களை எழுப்பும் பணி 1876இல் தொடங்கிற்று. வடக்கு நோக்கி நகரும் கடல்மணலை அச்சுவர்கள் தடுத்தன. தெற்கே மெரினாக் கரை அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது.

திருவொற்றியூரில் நான் ஆசிரியனாயிருந்தபோது, பழைய படமொன்றை வகுப்பறையில் மாட்டியிருந்தேன். 1806இல் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கி, பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர்பெற்ற நீர்வழி அதில் கடலுக்கு இணையாகச் சென்றது. கொசத்தலை ஆறு கடலோடு கலக்கும் கழிமுகமும் உப்பளங்களும் தெரிந்தன. அவற்றின் அருகே வண்ணமற்ற வெற்றிடங்கள் பல இருந்தன. "இவை பயனற்ற தரிசுகள்" என்று ஆண்டுதோறும் கற்பித்துவந்தேன்.

ஒருநாள் தம் பேரனை அழைத்துச் செல்ல வந்த மூதாட்டி ஒருவர் அதைக் கேட்டார். "வெறுந்தரை இல்லீங்க ஐயா! எங்க எருமைங்க மேஞ்ச இடம். பெருமழை பேஞ்சா தண்ணி வந்து தங்குற இடமும் அதுதான்" என்றார். நான் நாணினேன். ஊர்க் கணக்குகளில் 'மேய்க்கால் புறம்போக்கு' என்றொரு வகை உண்டு என்பதை அறிந்திருந்தும், படத்தின் வெண்மையை வெறுமை என்று கொண்டது என் பிழை.

இப்பிழை என்னோடு நின்றுவிடவில்லை. எண்ணூரில் 1948இல் மோட்டார்த் தொழிற்சாலை எழுந்தது. 1969இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், 1970இல் எண்ணூரில் அனல்மின் நிலையமும் இயங்கத் தொடங்கின. மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. இத்தொழில்கள் என் மாணவர்கள் பலரின் குடும்பங்களுக்குச் சோறிட்டன. அதனை மறுப்பது நன்றியன்று. ஆயினும், தொழிலும் குடியிருப்பும் பெருகப் பெருக, நீர் தங்கும் இடம் சுருங்கிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர்ப் பகுதியில் வீடுகளுக்குள் புகுந்தது. மீனவரின் படகும் வலையும் கறுத்தன. அன்று அம்மூதாட்டியின் சொல் என் செவியில் மீண்டும் ஒலித்தது.

மாணவர்களே! உங்கள் ஊரின் பழைய படம் கிடைத்தால், அதனை எடுத்துக்கொண்டு முதியவர் ஒருவரோடு நடந்து செல்லுங்கள். வண்ணமில்லாத இடத்தைச் சுட்டி, "இங்கே என்ன இருந்தது?" என்று கேளுங்கள். அவர் கூறுவதைப் படத்தின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள். அளவையாளர் எழுதாது விட்ட பகுதி அது.