நின்று உழைப்போர் நோயும் நாற்காலிச் சட்டமும்

ரிஷிவந்தியத்தில் அர்த்தநாரீசுவரர் கோயிலைச் சூழ்ந்த சிற்றூர்களில் நாற்று நடும் பெண்டிரையும், கரும்பு வெட்டும் ஆடவரையும், கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் காலை முதல் இரவு வரை துணி விரித்துக் காட்டும் இளைஞரையும் ஒருங்கே பற்றக்கூடிய வியாதி ஒன்று உண்டெனில், அது ‘கால் நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்று ஊரார் கூறுவதும் வைத்தியர் சுருள்சிரை என்பதுமான நோயே. இதன் சிகிச்சை வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கத்தியின் வரலாற்றோடு நிறுத்திவிடுகின்றனர். நாற்காலிக்கும் அதில் ஓர் இடம் உண்டு என்பது இக்கட்டுரையின் துணிபு.

நோயின் காரணம் எளிது. பாதத்திலிருந்து இதயத்துக்கு மேல்நோக்கி ஏறவேண்டிய இரத்தத்தைக் கெண்டைக்காற் சதை ஒவ்வோர் அடியிலும் பிழிந்து உந்துகிறது. உந்தப்பட்டது கீழிறங்காதபடி சிரைகளுள் அமைந்த சிறு கதவுகள் மூடிக்கொள்கின்றன. அசையாது நிற்பவரின் கணுக்காற் சிரையில் அழுத்தம் ஏறக்குறைய 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உயரும். அவரே நடக்கத் தொடங்கினால் அது 30க்கும் கீழே இறங்கும். பரம்பரை, கர்ப்பம், உடற்பருமன், முதுமை இவற்றால் தளர்ந்த கதவுகளின்மேல் அவ்வழுத்தம் ஆண்டுக்கணக்கில் நின்றால் சிரை புடைத்து வளைகிறது. மாலையில் கால் கனக்கிறது. கணுக்காலின் உட்புறத்துத் தோல் கறுத்து, கடைசியில் ஆறாப் புண்ணாகிறது.

நம் நாட்டுச் சாஸ்திரங்களுள் சுசுருத சம்ஹிதை ‘சிராகிரந்தி’ என்னும் முடிச்சைக் கூறி, பலவீனர் அளவுக்கு மீறிய தேகப் பிரயாசையில் ஈடுபடுவதை அதற்குக் காரணமாகக் காட்டுகிறது. அக்கிரந்தியும் இன்றைய சுருள்சிரையும் முற்றிலும் ஒன்றே என்று சாதிப்பது மிகையாகும். ஆயினும் உழைப்பையும் சிரையையும் சேர்த்து நோக்கிய பார்வை கவனத்துக்குரியது. சித்த வைத்தியத்தின் 32 புறமருத்துவ முறைகளுள் கட்டுதலும் அட்டைவிடலும் அடங்கும். மேனாட்டிலோ கத்தி முந்திக்கொண்டது. உரோமத் தளபதி மாரியுஸ், தம்மைக் கட்டிவைக்க வேண்டாமென மறுத்து, ஒரு காலின் சிரைகளை அறுக்க அசையாமல் நின்றார் என்றும், மறுகாலை நீட்டச் சொன்னபோது அந்த வேதனைக்கு இந்தக் குணம் ஈடாகாது என மறுத்தார் என்றும் புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

அறுத்தவர் எவரும் காரணத்தை அறியாதிருந்த நிலை 1603இல் மாறலாயிற்று. பதுவா நகரத்து ஆசிரியர் ஃபப்ரீசியஸ் சிரைக் கதவுகளை விளக்கி நூல் வெளியிட்டார். அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி, 1628இல் இரத்த ஓட்டத்தை நிறுவியபோது அக்கதவுகளையே சான்றாக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியர் டிரெண்டலென்பர்க் வழங்கிய சோதனை இன்றும் மாணவர்க்குக் கற்பிக்கப்படுகிறது. நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்திச் சிரையை வெறுமையாக்கி, தொடையின் மேற்பகுதியில் ரப்பர் பட்டையைக் கட்டி நிற்கச் சொல்வர். பட்டையை அவிழ்த்த மாத்திரத்தில் மேலிருந்து இரத்தம் சரேலென இறங்கிச் சிரை புடைக்குமாயின், தொடை இடுக்கிலுள்ள கதவு பழுதென்று தெளிவாகும். இன்று அவ்விடத்தை டாப்ளர் ஸ்கேன் பிடித்துக்கொண்டது. சிரையை உருவியெடுத்த அறுவைக்கு ஈடாக, லேசர் முதலியவற்றால் உள்ளிருந்தே அதை அடைக்கும் சிகிச்சையும் வந்துவிட்டது.

அழுத்தக் காலுறையின் கதை சுவையானது. கான்ராட் ஜோப்ஸ்ட் என்னும் பொறியாளர், தாமே இந்நோயால் வருந்தியவர், நீச்சற்குளத்தில் நிற்கும்போது வலி தணிவதை உணர்ந்து, ஆழத்துக்கு ஏற்ப நீரின் அழுத்தம் மிகுவதைப் போலக் கணுக்காலில் இறுகியும் மேலே தளர்ந்தும் நிற்கும் உறையை 1950ஐ ஒட்டி வகுத்தார். படுக்கையைவிட்டு எழுமுன்பே, வீக்கம் ஏறுமுன், அதை அணிய வேண்டும். நீரிழிவுக்காரர் தமனி ஓட்டத்தைச் சோதித்த பின்னரே அணிதல் வேண்டும். இதைச் சொல்லாமல் விற்கும் கடைக்காரர் நன்மை செய்பவர் அல்லர்.

இனி நாற்காலி. கடைப் பெண் ஊழியர் மூவருக்கு ஓர் இருக்கை என்று இங்கிலாந்து 1899இலேயே சட்டம் இயற்றியது. நம் பக்கத்தில், கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடியதன் பின், 2018இல் கேரளம் தன் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், அண்டை மாவட்டத்துத் திட்டக்குடித் தொகுதியின் உறுப்பினரும் தொழிலாளர் நல அமைச்சருமான சி.வெ. கணேசன் கொணர்ந்த மசோதா, 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்தது. பணியிடையே வாய்ப்பு நேரும்போதெல்லாம் ஊழியர் அமர இருக்கை அமைக்கவேண்டும் என்பது அதன் விதி. வாய்ப்பு நேர்ந்ததா என்பதை முதலாளியின் கண் தீர்மானிக்கும்வரை, தீபாவளிக் கூட்டத்தில் அவ்விருக்கை காலியாகவே கிடக்கும் என்பது என் அனுமானம்.

வயலுக்கு இச்சட்டம் வாராது. நடவு முடித்தவர் இரவில் காலைத் தலையணைமேல் இதயத்தினும் உயர்த்திப் படுப்பதும், புடைத்த சிரை வெடித்து இரத்தம் பீறிட்டால் உடனே படுத்து, காலைத் தூக்கி, துணியால் அழுத்திப் பிடிப்பதும் அங்கே செய்யக்கூடியவை. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட 11 கல்லூரிகளுள் ஒன்று. ரிஷிவந்தியத்தார் அங்கே புண் வந்தபின் போவதினும், தோல் கறுக்கத் தொடங்கும்போதே போவது சிகிச்சையை எளிதாக்கும்.