சின்ன யோகன்னஸ் சீனம் சென்ற வழி: டச்சு – சீன இலக்கியப் பரிமாற்றமும் இடைமொழிகளும்

1906ஆம் ஆண்டில் தோக்கியோ நகரின் கண்டா வட்டாரத்துப் பழைய புத்தகக் கடைகளில், மருத்துவப் படிப்பை அண்மையில் கைவிட்டிருந்த சீன மாணவர் ஒருவர், ஜெர்மன் மொழி இலக்கிய இதழ் ஒன்றின் பழைய படிகளைக் கட்டாக வாங்கினார். அவற்றுள் ஓர் இதழில், ஃபிரெடரிக் வான் ஏடன் என்னும் நெதர்லாந்து எழுத்தாளரைப் பற்றிய அறிமுகமும், அவருடைய கதை நூலின் ஐந்தாம் இயலும் இடம்பெற்றிருந்தன. மாணவர் அந்த இயலில் மனத்தைப் பறிகொடுத்தார். முழு நூலையும் தேடிக் கடைதோறும் அலைந்தார், கிடைக்கவில்லை. இறுதியில் மாருசென் என்னும் புத்தக நிறுவனத்தின் வழியாக ஜெர்மனியிலிருந்து வரவழைத்தார். ஏறத்தாழ மூன்று மாதங்கள் கழித்து நூல் கைக்கு வந்தது. விலை 75 ஃபெனிக் மட்டுமே. அதுவும் துணி அட்டை போட்டது. இவ்விவரங்களையெல்லாம் இருபதாண்டுகளுக்குப் பின்னரும் மறவாமல் தம் முன்னுரையில் எழுதிவைத்த அம்மாணவரே நவீன சீன இலக்கியத்தின் முன்னோடியாகிய லூ சுன்.

அந்நூல் ‘சின்ன யோகன்னஸ்’. 1885இல் டச்சு இதழொன்றில் வெளிவரத் தொடங்கி 1887இல் நூலுருப் பெற்றது. மணற்குன்றுகளுக்கு நடுவே வளரும் ஒரு சிறுவன் பூச்சிகளோடும் பூக்களோடும் பேசுகிறான். பின்னர் அறிவாராய்ச்சியின் பெயரால் அவ்வுலகினின்றும் பிரிக்கப்படுகிறான். இதன் ஆசிரியர் வான் ஏடன் ஒரு மனநல மருத்துவர். இந்திய வாசகர்க்கும் அவர் முற்றிலும் அயலார் அல்லர். தாகூரின் கீதாஞ்சலியை 1913இல் டச்சு மொழிக்குக் கொண்டுசென்றவர் அவரே. அம்மொழிபெயர்ப்பும் வங்காளத்திலிருந்து நேரே சென்றதன்று, தாகூர் தாமே ஆங்கிலத்தில் ஆக்கிய பனுவலின் வழியே சென்றது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

இவ்வுரையில் நாம் எடுத்துக்கொண்ட வினா எளியது. ஒரு மொழியின் இலக்கியம் மற்றொரு மொழிக்கு மூன்றாவது மொழி ஒன்றின் வழியாகச் சென்றால், சென்றடைவது எது? நமக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. நம் வீட்டுக்கு அடுத்த வீட்டில் சீனம் பேசப்படுகிறது. ஆயினும் சீன இலக்கியம் தமிழுக்கு வரும்போது பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே வருகிறது. இடைமொழியின் பெயரையோ, அதில் ஆக்கித் தந்தவரின் பெயரையோ தலைப்புப் பக்கத்தில் குறிப்பிடாத நூல்களும் நம் நூலகங்களில் உள்ளன. ஆகவே, இதே பாதையில் நமக்கு முன்னே நடந்தவர்கள் எவ்வாறு நடந்தார்கள் என்று பார்ப்பது பயனுடையது.

லூ சுன் டச்சு மொழி அறியார். அவர் கையிலிருந்தது அன்னா ஃப்ளெஸ் என்பவரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு. 1926ஆம் ஆண்டுக் கோடையில், கல்வி அமைச்சில் தம்முடன் பணியாற்றியவரும் ஜெர்மன் மொழியில் வல்லவருமான சி ஷோஷான் என்னும் நண்பருடன், பெய்ஜிங் நகரின் நடுவிலிருந்த பூங்காவின் ஓர் அறையில் நாள்தோறும் அமர்ந்து மொழிபெயர்த்தார். ஒரு மாதத்திற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் முதல் வரைவு முடிந்தது. அதன்பின் பெய்ஜிங்கை விட்டு ஷியாமென் சென்றார், அங்கிருந்து குவாங்சோ. 1927 ஏப்ரலில் அந்நகரில் மாணவர்கள் பலர் கைது செய்யப்பட்டபோது பல்கலைக்கழகப் பதவியைத் துறந்தார். அந்த மே மாதத்தில், வெளியே அடக்குமுறை நடந்துகொண்டிருக்க, அவர் அறையில் அமர்ந்து செப்பனிட்டுக்கொண்டிருந்தது இச்சிறுவனின் கதையைத்தான். நூல் 1928 சனவரியில் வெளிவந்தது.

மொழியியலாளர் என்ற முறையில் நம்மை மிகவும் ஈர்ப்பது அவர் பெயர்களோடு பட்ட பாடு. கதையில் வரும் ஒரு குள்ளனின் பெயர் விஸ்டிக். ‘அறிந்திருந்தால்’ என்னும் ஏக்கம் அப்பெயரிலேயே ஒலிக்கிறது. லூ சுன் முதலில் ‘இருக்கக்கூடும்’ என்னும் பொருள்பட ஒரு சொல்லை எண்ணினார், அது நிறைவளிக்கவில்லை. பின்னர் ‘இனி அறியப்போகிறவன்’ என்று பொருள்படும் இரண்டு சீன எழுத்துகளைத் தாமே துணிந்து வைத்தார். யோகன்னஸின் தோழியாகிய ரோபினெட்டாவின் பெயர் அவருக்கு நெடுங்காலம் விளங்கவில்லை. ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடலாமா என்றெண்ணியும் மனம் அமையாமல் நண்பர் ஒருவருக்கு எழுதிக் கேட்டார். ரோபின் என்பது ராபர்ட் என்னும் பெயரின் செல்ல வடிவம், ராபர்ட் என்பதன் வேர்ப்பொருள் ‘புகழொளி’ என விடை வந்தது. சிறுமிக்குப் ‘புகழ்’ என்னும் பொருள் அமைந்த பெயர் கிடைத்தது. ஒலி போயிற்று, பொருள் நின்றது எனலாம். அப்பொருளும் சொற்பிறப்பியலார் அகழ்ந்தெடுத்த பொருளே. டச்சுச் சிறுவர் எவரும் அப்பெயரைக் கேட்டுப் புகழை நினைத்திருக்கமாட்டார். இவ்விடத்தில் லூ சுன் தேவைக்கு மேலாகவே தோண்டிவிட்டார் என்பது நம் கருத்து.

எல்லாவற்றினும் சுவையானது ப்ளெய்சர் என்னும் பாத்திரத்தின் பெயர். துணியிலிருந்து பஞ்சிழைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியெடுப்பது போல எதையும் பிய்த்துப் பிய்த்து ஆராய்பவன் அவன். யோகன்னஸை இயற்கையிலிருந்து பிரிப்பவனும் அவனே. இதற்குப் பொருத்தமான சீனச் சொல் லூ சுன் கையில் இருந்தது. ஆனால் அவரோடு அக்காலத்தில் கருத்துப்போர் நடத்திய பேராசிரியர் ஒருவர், அதே சொல்லைக் ‘கலகத்தைத் தூண்டிவிடுதல்’ என்னும் பொருளில் பிழையாக ஆண்டிருந்தார். இனி அச்சொல்லை எழுதினால் வாசகர் அப்பொருளிலேயே கொள்வர் என்று கேலியாகக் காரணம் காட்டி, லூ சுன் அதனை விலக்கினார். அதற்கு மாறாகத் ‘துளைத்தல், குடைதல்’ என்னும் பொருளுடைய சொல்லைத் தேர்ந்தார். அச்சொல்லோ எதிர்பாராத ஒரு வளத்தைக் கொண்டுவந்தது. துளைகளற்ற ‘குழப்பம்’ என்னும் ஆதி உயிருக்கு நாளுக்கொரு துளையாக ஏழு துளைகள் இட, ஏழாம் நாளில் அது மாண்டது என்னும் சுவாங் சு நூலின் பழங்கதை சீன வாசகர் அனைவரும் அறிந்ததே. ப்ளெய்சர் சிறுவனுக்குச் செய்வதும் அதுவே என்று லூ சுன் சுட்டிக்காட்டினார். டச்சு மூலத்தில் இல்லாத, ஜெர்மன் இடைநூலிலும் இல்லாத ஓர் ஆழம் சீனத்தில் மட்டும் கூடியது.

பூச்சிகள், பறவைகள், செடிகளின் பெயர்கள் இன்னும் கடினமாயிருந்தன. இவற்றுக்காகவே தனிக் குறிப்பொன்றை எழுதி நூலில் சேர்த்தார். ஷங்ஹாயில் இருந்த, உயிரியல் அறிந்த தம்பி சோ ஜியன்ரெனுக்கு மடல்கள் எழுதிப் பெயர்களைச் சரிபார்த்தார். ஏட்டில் கண்ட பெயர் ஊரில் வழங்காது. ஓர் ஊரில் வழங்கும் பெயர் அடுத்த ஊருக்குத் தெரியாது. உயிரியலார் பழைய ஏட்டுப் பெயர்களோடு நில்லாமல் ஊர்தோறும் சென்று வழக்குப் பெயர்களைத் திரட்ட வேண்டும், அவற்றுள் பரவலானவற்றைப் பொதுப்பெயராக்க வேண்டும், போதாதவற்றுக்குப் புதுச்சொல் படைக்க வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். கலைச்சொல்லாக்கம் பற்றி நம் வகுப்புகளில் பல்லாண்டுகளாகப் பேசிவருவதன் சாரம் இதில் முழுமையாக இருக்கிறது.

1934இல் இடைமொழி வழி மொழிபெயர்ப்பு பற்றிச் சீன இதழ்களில் விவாதம் எழுந்தபோது லூ சுன் இரண்டு கட்டுரைகள் எழுதினார். மூலமொழியறிந்தவர் வரும்வரை காத்திருப்பதாயின் பல நாட்டு இலக்கியங்கள் சீனத்துக்கு வந்தே இரா. நேரடி மொழிபெயர்ப்பு என்பதனாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது. ஆக்கத்தின் தரத்தையே பார்க்கவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. முதல், வழி, சார்பு என நூலை மூவகையாகப் பிரித்த நன்னூலார் இதனை எவ்வகையில் அடக்கியிருப்பார் என்று நாம் சிலசமயம் எண்ணிப்பார்ப்பதுண்டு.

இன்னொரு செய்தி. 1927 செப்டம்பரில், நோபல் பரிசுக்கு லூ சுன் பெயரைப் பரிந்துரைக்கலாமா என்று நண்பர் ஒருவர் வழியாகக் கேட்கப்பட்டது. அவர் மறுத்தார். தாம் மொழிபெயர்த்த ‘சின்ன யோகன்னஸ்’ போன்ற ஒன்றைத் தம்மால் எழுத இயலாது, அதை எழுதியவருக்கே அப்பரிசு கிடைக்கவில்லையே என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று.

எதிர்த்திசையிலும் பாதை சுற்றுவழியாகவே இருந்தது. ஜாவா – சீனா – ஜப்பான் கப்பல்களில் மருத்துவராகப் பணிபுரிந்த டச்சுக் கவிஞர் ஸ்லவர்ஹாஃப், 1930இல் சீனக் கவிதைகளைத் தம் மொழியில் வெளியிட்டார். சீனத் துறைமுகங்களை நேரில் கண்டவர் அவர். எனினும் கவிதைகளை அவர் பெற்றது பெரும்பாலும் ஆர்தர் வேலியின் ஆங்கில ஆக்கங்களிலிருந்துதான்.

ராபர்ட் வான் கூலிக்கின் கதையோ நம் ஊர்ப்பக்கமே வருகிறது. இளமையில் ஜாவாவில் வாழ்ந்து, லைடன் பல்கலைக்கழகத்தில் சீனம் பயின்று, நெதர்லாந்தின் தூதுவப் பணியில் சேர்ந்தவர் அவர். தாங் காலத்து நீதிபதி டீ என்பவரைத் தலைவராகக் கொண்ட பழைய சீனத் துப்பறியும் நாவல் ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்து 1949இல் தோக்கியோவில் வெளியிட்டார். பின்னர் அதே நீதிபதியை வைத்துத் தாமே நாவல்கள் எழுதத் தொடங்கினார். மேனாட்டு மலிவுத் துப்பறியும் கதைகளில் மூழ்கியிருந்த சீன, ஜப்பானிய வாசகர்களுக்கு அவர்களுடைய மரபையே நினைவூட்டுவது அவர் நோக்கம். முதல் நாவலை ஆங்கிலத்தில் வரைந்தார். அது முதலில் அச்சேறியது ஜப்பானிய மொழிபெயர்ப்பாக, 1951இல். அடுத்து அவரே சீனத்தில் எழுதிய வடிவம் 1953இல் வெளியாயிற்று. அதை வெளியிட்ட ஊர் சிங்கப்பூர். டச்சுக்காரர் ஒருவர் சீனத்தில் எழுதிய நாவல் இந்நகரின் அச்சகத்தில் உருப்பெற்றது என்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? ஆங்கில மூலமே அதற்கு மூன்றாண்டுகள் கழித்து 1956இல்தான் வெளிவந்தது. 1959 முதல் 1962 வரை அவர் கோலாலம்பூரில் தம் நாட்டின் தூதராக இருந்தார். அங்கே கிப்பன் குரங்குகளை வீட்டில் வளர்த்து, பழஞ்சீன இலக்கியத்தில் அவ்விலங்கு பற்றி ஒரு தனிநூலே எழுதினார். பின்னர், 1980களில், சென் லைய்யுவான், ஹூ மிங் என்னும் இருவர் அவருடைய ஆங்கில நாவல் வரிசையை மரபான சீனக் கதைநடையில் பெயர்த்தனர். சீனத்திலிருந்து புறப்பட்டது, ஒரு டச்சுக்காரரின் ஆங்கிலத்தின் வழியே மீண்டும் சீனத்துக்கே வந்தது.

நேரடிப் பாதை பின்னரே செப்பமுற்றது. லைடனில் 19ஆம் நூற்றாண்டில் சீனக் கல்வி தொடங்கியது கவிதைக்காக அன்று; டச்சுக் கிழக்கிந்தியக் காலனியின் அலுவலகங்களுக்கு மொழிபெயர்ப்பு அலுவலர்களை ஆயத்தம் செய்வதற்காகவே. ஆயினும் அதே கல்விக்கூடத்திலிருந்து வில்ட் இடேமா போன்ற பெரும் மொழிபெயர்ப்பாளர்கள் தோன்றினர். 1996இல் மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் கூடிச் சீன இலக்கியத்துக்கெனவே ஓர் இதழைத் தொடங்கினர். அதன் பெயருக்கு ‘மெல்லெரி தீ’ என்று பொருள் சொல்லலாம். அடுப்பைத் தணித்து வைத்துச் சமைப்பவர் எவரும் அப்பெயரின் அருமையை உணர்வர்.

நம் காலத்து எழுத்தாளருள் இருவரை மட்டும் குறிப்பிடுவோம். கவிஞர் துவோ துவோ 1989 சூன் 4ஆம் நாள், கவிதை வாசிப்பதற்காகப் பெய்ஜிங்கிலிருந்து இலண்டனுக்கு விமானம் ஏறினார். தியானன்மென் சதுக்க நிகழ்வுகளுக்குப் பின் அவரால் திரும்ப இயலவில்லை. 2004 வரை வெளிநாட்டிலேயே, பெரும்பாலும் நெதர்லாந்தில், வாழ்ந்தார். ஆம்ஸ்டர்டாம் ஆற்றைச் சீனத்தில் பாடினார். லைடன் ஆய்வாளர் மஹீல் வான் கிரெவல் அவர் கவிதைகளை ஆராய்ந்து 1996இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். லூலூ வாங் இதற்கு நேர்மாறானவர். 1986இல் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்த அவர், பண்பாட்டுப் புரட்சிக் காலத்துச் சிறுமி ஒருத்தியின் கதையை 1997இல் நேரே டச்சு மொழியிலேயே எழுதினார். ‘அல்லி அரங்கம்’ எனத் தலைப்பைத் தமிழாக்கலாம். நூல் பெருமளவில் விற்றது. சீன மரபுத்தொடர்களைச் சொல்லுக்குச் சொல் டச்சில் வைத்த அவருடைய நடையைச் சிலர் பாராட்டினர், சிலர் சலித்துக்கொண்டனர். மூலமே இல்லாத மொழிபெயர்ப்பு என்று அதனை அழைக்கத் தோன்றுகிறது.

அரசு சார்ந்த ஆதரவும் சேர்ந்தது. 2011இல் பெய்ஜிங் அனைத்துலகப் புத்தகக் கண்காட்சியின் சிறப்பு விருந்தினர் நாடு நெதர்லாந்து. ஆனால் விழாக்கள் சில நாளில் முடிந்துவிடும். மார்க் லேன்ஹாட்ஸ், அன்னா சீட்ஸ்கே கெய்சர், சில்வியா மரெய்னிசன் ஆகிய மூவரும் 120 இயல்கள் கொண்ட ‘செம்மாடக் கனவு’ நாவலைச் சீனத்திலிருந்து நேரே டச்சுக்குக் கொண்டுவரப் பதின்மூன்று ஆண்டுகள் உழைத்தனர். 2021இல் அது நான்கு தொகுதிகளாக வந்தது. அதற்கு முன் டச்சு வாசகர் அறிந்திருந்ததோ ஜெர்மன் வழிவந்த சுருக்கப் பதிப்பு ஒன்றே. 75 ஃபெனிக் நூலோடு தொடங்கிய வரலாற்றில் ஜெர்மன் இடைமொழி இரு திசைகளிலும் சுமைதாங்கியாக நின்றிருக்கிறது.

பணி ஓய்வுக்கு முன் ஒருமுறை, மொழிபெயர்ப்பு வகுப்பில், ‘சின்ன யோகன்னஸ்’ பாத்திரங்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டுமாறு மாணவரைக் கேட்டோம். நாமும் ஆங்கிலத்தின் வழியாகத்தான் கேட்டோம்; டச்சு நமக்கும் தெரியாது. சிறுவனுக்கு வழிகாட்டும் தேவதையின் பெயர் ஒரு கொடியின் பூவை ஒட்டியது. அகராதி தாளி என்றது. எவருக்கும் அச்செடி தெரியவில்லை. படத்தைக் காட்டியதும் பின்வரிசை மாணவி ஒருத்தி, “ஐயா, இது எங்க வீட்டுக்குப் பின்னால இருக்கிற கங்குங் பூ மாதிரி இருக்கே” என்றாள். அவள் சொன்னது சரி. இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஆனால் கங்குங்கின் தமிழ்ப்பெயர் வள்ளை என்பதை அவ்வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை. ப்ளெய்சருக்கு, எதையும் துருவி ஆராய்பவன் என்பதால், ‘துருவன்’ என்று ஒருவர் முன்மொழிந்தார். அழகான பெயர். உடனே மற்றொருவர் எழுந்து, துருவன் என்றால் தவமிருந்து விண்மீனான அந்தப் பிள்ளையல்லவா நினைவுக்கு வரும் என்றார். லூ சுன் தம் சொல்லை விலக்க நேர்ந்த அதே இக்கட்டு! ‘குடைவான்’ என்றார் ஒருவர். ‘நோண்டி’ என்றார் இன்னொருவர், வகுப்பே சிரித்தது. மணி அடித்தபோது மூன்று பெயர்களும் வெண்பலகையில் அப்படியே இருந்தன.