ஐதராபாத் குளோரோஃபார்ம் ஆணையங்கள்

ஐதராபாத் குளோரோஃபார்ம் ஆணையங்கள் என்பவை, முகரும் மயக்க மருந்து உயிரைப் பறிப்பது மூச்சை நிறுத்தியா, இதயத்தை நிறுத்தியா என்று அறிய 1888, 1889 ஆம் ஆண்டுகளில் ஐதராபாத்தில் நடந்த இரு ஆய்வுகள் ஆகும்.

எடின்பரோவில் சிம்ப்சன் 1847 நவம்பரில் குளோரோஃபார்மை அறிமுகப்படுத்தினார். 1848 சனவரியிலேயே, நியூகாசில் அருகே கால் நகத்தை அகற்ற மயக்கம் கொடுக்கப்பட்ட 15 வயதுச் சிறுமி ஹன்னா கிரீனர் இறந்தாள். மருத்துவர் கவனிக்க வேண்டியது மூச்சையா நாடியையா என்ற சண்டை அன்று தொடங்கியது.

ஐதராபாத் மருத்துவப் பள்ளி முதல்வர் எட்வர்டு லாரி மூச்சின் பக்கம் நின்றார். முதல் ஆணையம் நாய்களில் சோதித்து அதையே சொன்னது. இலண்டனின் லான்செட் இதழ் அதை ஏற்கவில்லை. ஆறாம் நிசாம் மகபூப் அலி கான் 1000 பவுண்டு கொடுத்து, லான்செட்டே ஒருவரை அனுப்பட்டும் என்றார். வந்தவர் லாடர் பிரண்டன். இதயமே நிற்கிறது என்று நம்பியவர். நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதித்தபின் அவரும் லாரியின் பக்கம் சாய்ந்தார்.

அந்த முடிவு பாதி உண்மைதான். ஆணையம் பெரும்பாலும் விலங்கு சாகும்வரை மருந்தை ஏற்றியது. அப்போது முதலில் நிற்பது மூச்சு. ஆனால் லேசான மயக்கத்தில் அட்ரினலின் சேர்ந்தால் இதயக் கீழறைகள் ஒழுங்கின்றி நடுங்கி நின்றுவிடும் என்று 1911இல் குட்மன் லெவி பூனைகளில் காட்டினார்.

பின்னர் குளோரோஃபார்ம் வழக்கொழிந்து ஐசோஃபுளூரேன் போன்ற ஆவிகள் வந்தன. இதயத்துக்கே அறுவை செய்யும் காலமும் வந்தது. இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையை 1975இல் சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் செய்தார். இவ்வகை அறுவையில் பெரும்பாலும் இதயத் தசைக்குச் செல்லும் இரத்தம் நிறுத்தப்பட்டு மீண்டும் விடப்படும். இரத்தம் நிற்கும்போது மட்டுமல்ல, திரும்பும்போதும் உயிரணுக்களில் கால்சியம் பெருகித் தசை சேதமடைகிறது.

நீண்ட அடைப்புக்கு முன் சில குறுகிய அடைப்புகளை ஏற்படுத்தினால் இச்சேதம் குறைகிறது என்பது 1986இல் நாய்களில் தெரியவந்தது. 1997இல் கெர்ஸ்டன் குழுவினர், முன்கூட்டிக் கொடுத்த ஐசோஃபுளூரேனும் அவ்வாறே காக்கிறது என்றனர். அது உயிரணுக்களின் பொட்டாசியம் வாயில்களைத் திறந்து வேலை செய்கிறது. அவ்வாயில்களை மூடும் கிளிபென்கிளமைடைக் (நம் வீடுகளில் பழக்கமான சர்க்கரை நோய் மாத்திரைதான்) கொடுத்தால் பாதுகாப்பு மறைந்துவிடுகிறது. இதயத்தைக் கொல்வதாகக் குற்றம் சாட்டப்பட்ட மருந்தினத்துக்கு இது பெரிய திருப்பம்.

மனிதரில் விடை அவ்வளவு இனிக்கவில்லை. 13 நாடுகளில் 5,400 பைபாஸ் நோயாளிகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தோர் ஆவி மயக்கத்தில் 2.8 விழுக்காடு, சிரைவழி மயக்கத்தில் 3.0 விழுக்காடு. இந்த வேறுபாடு தற்செயலாகவே நேரக்கூடிய அளவுதான்.